கெட்டிமேளத்துக்கு ஒரு பொத்தான்

ஐயர் மாங்கல்யத் தட்டைக் கையில் எடுத்ததும் தாண்டவராயன் வலது கட்டைவிரலை வேட்டியில் இரண்டு முறை துடைப்பார். முதல் முறை வியர்வைக்கு. இரண்டாவது முறை எதற்கென்று அவருக்கே தெரியாது. பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கறுப்புப் பிளேயரை எடுப்பார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதன் வயரை இடது ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார், யாராவது காலில் இடறி இழுத்தாலும் பின் கழன்றுவிடக் கூடாதே என்று. ஐந்து பொத்தான்களில் நான்காவதன் மேல் மகளுடைய நெயில் பாலிஷ் ஒரு சொட்டு காய்ந்து மேடாக நிற்கும். கட்டைவிரல் அந்த மேட்டைத் தேடிப்போய் உட்காரும். அழுத்தாது, உட்கார்ந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் கண் ஐயரின் வலது கையை விட்டு நகராது. பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

தாண்டவராயனுக்கு நாற்பத்தெட்டு வயது. செஞ்சி சக்கராபுரத்தில் வீடு. இருபத்தாறு வருஷமாக ரேடியோ செட் கட்டுகிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, கருமாதி எல்லாவற்றுக்கும் அவருடைய பாக்ஸ்தான் பாடும். பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது; செட்டுக்காரர் என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். மேளக்காரர்கள் கிடைக்காத முகூர்த்தத்துக்கும், மேளம் வைக்க வசதியில்லாத வீட்டுக்கும் நாதஸ்வரமும் தவிலும் அவருடைய பாக்ஸுக்குள்ளிருந்துதான் வர வேண்டும். மற்றதெல்லாம் சுலபம். கெட்டிமேளம்தான் ஆளைக் கொன்றுவிடும். தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மல், ஒரு அழுகை, வேண்டாத ஒரு பேச்சு யார் காதிலும் விழக்கூடாது. அதைத் தப்பவிட்டால் இன்னொரு தரம் போட முடியாது.

அவர் கேசட்டையும் பார்த்தார், சிடியையும் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன்பு எல்லாரையும் போல போனுக்கு மாறினார். தளவானூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். ஐயர் கையைத் தூக்க, இவர் போனைத் தொட, கெட்டிமேளத்துக்குப் பதில் ஒரு பெண் குரல் வந்து மூட்டு வலி மருந்தின் குணங்களைப் பந்தல் அதிரச் சொல்லத் தொடங்கியது. நெட்டில் வருகிற விளம்பரம். அதைத் தாண்டிப் போக ஐந்து நொடி காத்திருக்க வேண்டும். மூன்று முடிச்சும் மூட்டு வலியிலேயே விழுந்தது. மாப்பிள்ளையின் தோழர்கள் இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தால் முட்டியைத் தடவிக் காட்டுவார்கள்.

மறுநாளே பஜாரில் பிரசாந்தின் செல்போன் கடைக்குப் போனார். பிரசாந்த் கண்ணாடி மேசையின் மேல் ஒன்பது பிளேயர்களைப் பரப்பினான்.

“இத பாருண்ணே. ஸ்கிரீன் இருக்குது. பாட்டு பேரு, படம் எல்லாம் தெரியும்.”

“நான் ஸ்கிரீனப் பாத்துக்கினு இருந்தா ஐயர யாரு பாக்கறது? கண்ணுக்கு அங்க வேல இருக்குதுடா. வெரலுக்குத் தெரியணும், அதக் குடு.”

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். தொட்டால் பாடுகிற வகையை முதலில் தள்ளினார்; வியர்த்த விரலுக்கு அது பதில் சொல்லாது. ஒன்றை ஆன் பண்ணியதும் ஏதோ ஒரு பாஷையில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள். வேண்டாம். இன்னொன்றில் அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தது.

“அதுக்குள்ள ரெண்டு முடிச்சி வுழுந்துடும்.”

கடைசியில் இருந்ததுதான் விலை குறைந்தது. ஸ்கிரீன் இல்லை, ரேடியோ இல்லை, புளூடூத் இல்லை. அழுத்திய விரல் எழுவதற்குள் பாடியது.

“இத யாரும் வாங்க மாட்டாங்கண்ணே. அதுல ஒண்ணுமே இல்ல.”

“அதான் வேணும்.”

ஒன்றுமே இல்லாததில் ஒரு சங்கடமும் இருந்தது. மெமரி கார்டில் எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் அது பாடும். ஒன்று முடிந்தால் யாரையும் கேட்காமல் அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தது எதுவென்று அதனிடம் கேட்க முடியாது. அதனால் தாண்டவராயன் தன் கல்யாணக் கார்டை ஒரு கணக்கோடு வைத்திருந்தார். முதலில் நாற்பது நிமிஷ நாதஸ்வரம். அடுத்தது கெட்டிமேளம். நான்காவது பொத்தானை அமுக்கினால் அடுத்த பாட்டுக்குத் தாவும்; ஒரே ஒரு அமுக்கு போதும். சாவுக்கு வேறு கார்டு. கல்யாணக் கார்டு குங்குமச் சிமிழில் இருக்கும், சாவுக் கார்டு தீப்பெட்டியில். இரண்டையும் ஒரே பையில் அவர் போட்டதில்லை.

ஆனால் வீட்டில், மகள் ஷோபனாவுக்குப் பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்பில், எல்லாப் பாட்டும் ‘நைனா’ என்ற ஒரே ஃபோல்டரில்தான் கிடந்தன.

அந்த ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம் கல்யாணக் கார்டு செத்துப்போனது. பிளேயரில் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டியது. ஷோபனா செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவளிடம் புதுக் கார்டைக் கொடுத்து, ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டு, தாண்டவராயன் ஒரு கருமாதி வீட்டில் செட்டை அவிழ்க்கப் போனார். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது கார்டு சிமிழில் இருந்தது. விடிந்தால் முகூர்த்தம். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்காமல் படுத்துவிட்டார்.

கல்யாணம் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில். பெண் கலைமதி. அவள் அப்பா சுந்தரமூர்த்தி சிங்கவரத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிர் வைக்கிறவர். தாண்டவராயன் பாக்ஸை மேடைக்குப் பக்கத்தில் வைத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது சுந்தரமூர்த்தி வந்து அவர் முழங்கையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனார்.

“தாண்டவராயா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வைகாசிலயே முடிய வேண்டிய கல்யாணம் இது. ரெண்டு நாள் இருக்கசொல்ல மாப்ள தாத்தா பூட்டாரு. நின்னுடுச்சி.”

“கேள்விப்பட்டேன்.”

“மாப்ளைக்கு அத்த ஒருத்தி இருக்குது. தைலம்மா. அங்க அது சொன்னாதான் அடுப்பே எரியும். இன்னொரு அபசகுனம் வந்துச்சின்னா தாலியத் தட்டோட எடுத்துக்கினு எழுந்து பூடுவோம்னு எம் மூஞ்சி மேலயே சொல்லிட்டுது. மேளக்காரனும் கெடைக்கல. எல்லாம் உன் கையிலதான் இருக்குது.”

“நீ போயி வர்றவங்களக் கவனி. நான் பாத்துக்கறேன்.”

முதல் வரிசையில் நடு நாற்காலியில் தைலம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மாம்பழ நிறப் பட்டுப் புடவை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்தை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை பரீட்சை ஹாலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்குத் தாண்டவராயன் பிளேயரை ஓடவிட்டார். நாதஸ்வரம் வந்தது. வயரை டேப் போட்டு ஒட்டுகிற மும்முரத்தில் அது எந்த நாதஸ்வரம் என்று அவர் கவனிக்கவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மணையில் உட்கார வைத்தார்கள். புகை எழுந்தது. ஐயர் மாங்கல்யத் தட்டைப் பெரியவர்களிடம் தொட்டுக் கும்பிடக் கொடுத்தனுப்பினார். தாண்டவராயன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாதஸ்வரம் முடிந்தது. ஆரம்பித்துப் பதினைந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அடுத்த நொடியில், பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும்போது தாய்மாமனைப் புகழ்ந்து பாடுகிற பாட்டு ஒன்று மண்டபம் முழுக்க எழுந்தது.

“இன்னா செட்டு, மொதல்ல தாலி கட்ட வுடுய்யா. அதுக்குள்ள காதுகுத்துக்குப் பூட்ட” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“பொண்ணு வூட்ல அவசரம் போல” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு பரவியது. மாப்பிள்ளையும் குனிந்துகொண்டு சிரித்தான். தைலம்மாள் சிரிக்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பித் தாண்டவராயனைப் பார்த்தார். அவர் விரல் அதற்குள் தானாகவே அழுத்திவிட்டிருந்தது. அதிர்ஷ்டம், வந்தது நாதஸ்வரம். அது கல்யாணக் கார்டில் இருந்ததே இல்லை.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஷோபனா ஃபோல்டரை அப்படியே அள்ளிப் போட்டிருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் கலந்து கிடக்கிறது. அப்படியானால் சாவுப் பாட்டும் உள்ளே இருக்கிறது. இருபத்து மூன்று பாட்டு. சங்கு ஊதித் தொடங்குகிறவை, மாரில் அடித்துக்கொண்டு அழுகிறவை.

ஒரு அமுக்கு அமுக்கினால் எது வருமென்று தெரியாது. அமுக்காவிட்டாலும், ஓடுகிற நாதஸ்வரம் எத்தனை நிமிஷத்துக்கு என்று தெரியாது. அது முடிந்ததும் பிளேயர் தானாக அடுத்ததற்குப் போய்விடும். பின்னைப் பிடுங்கினால் பாக்ஸில் டொப்பென்று வெடிக்கும், அதற்கப்புறம் மண்டபம் ஊமையாகும். போனில் போடலாமா என்று நினைத்த உடனே முட்டி வலித்தது.

ஷோபனாவுக்கு நாலு தடவை போன் போட்டார். சுவிட்ச் ஆஃப். ஆறு மணிக்கே கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், பத்து மணி டீக்குத்தான் கொடுப்பார்கள். மனைவி அம்மாக்கண்ணுவுக்குப் போட்டார்.

“பாப்பா கார்டு ஏத்தசொல்ல நீ பக்கத்துல இருந்தியா?”

“இருந்தேன். இன்னா இப்ப?”

“எப்படி ஏத்துச்சி?”

“எப்படின்னா? ஒரு கையில தோசயத் துன்னுக்கினு, ஒரு கையில அதத் தட்டிக்கினு இருந்துச்சி. அஞ்சி நிமிஷத்துல முடிச்சிட்டு தூங்கப் பூடுச்சி. நின்ன காலோட வேல செய்யிற புள்ள, தூங்காதா?”

“லேப்டாப்பத் தொற. அதுல...”

“அது பாஸ்வேர்டு கேக்குமே. நான் எந்தக் காலத்துல அதத் தொட்டேன்? இன்னாய்யா ஆச்சி, கொரலு ஒரு மாதிரி இருக்குது?”

வைத்துவிட்டார். மாங்கல்யத் தட்டு மூன்றாவது வரிசையைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. கைகள் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டன. அட்சதைக் கூடை ஒரு பக்கமிருந்து வந்தது. சுந்தரமூர்த்தி மேடை ஓரத்தில் நின்று இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துண்டின் முனையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தார். மணையில் கலைமதி கழுத்து மாலையின் கனத்தில் குனிந்திருந்தாள். அவள் வயது ஷோபனாவின் வயதுதான்.

தாண்டவராயன் தரையில் மண்டியிட்டார். இடது கையை ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகில் வைத்தார். வலது காதைப் பாக்ஸின் வலையோடு ஒட்டினார். யாராவது கேட்டால் ஒயர் லூசு என்று சொல்லலாம். அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சத்தத்தை எறும்பு ஊர்கிற அளவுக்குக் குறைத்துவிட்டு ஒவ்வொரு அமுக்காக அமுக்கிக் கேட்பது. எந்தப் பாட்டானாலும் அதன் முதல் மூச்சிலேயே அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் செய்யும்போது மண்டபத்தில் மேளம் இருக்காது. முன்கூட்டியே செய்தால் அத்தை எழுந்துவிடுவார். ஐயர் நிமிர்கிற நேரத்துக்கும் தாலி கழுத்துக்குப் போகிற நேரத்துக்கும் நடுவில் செய்ய வேண்டும்.

தட்டு மேடைக்குத் திரும்பியது. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தலையை நிமிர்த்தினார்.

தாண்டவராயன் திருகைத் திருப்பினார். நாதஸ்வரம் கரைந்து போனது.

மேளம் நின்ற மண்டபத்தில் அதுவரை கேட்காததெல்லாம் கேட்டது. மின்விசிறியின் கிறீச். சமையற்கட்டில் கரண்டி விழுந்த சத்தம். ஏதோ ஒரு குழந்தை அழுவதற்கு மூச்சிழுத்தது.

ஒரு அமுக்கு. கிளாரினெட். வரவேற்புக்குப் போடுகிறது.

ஐயரின் கை மேலே வந்தது. “கெட்டிமேளம், கெட்டிமேளம்.”

இரண்டாவது அமுக்கு. பெண்கள் கூடிப் பாடுகிற நலங்கு. தைலம்மாளின் நாற்காலி தரையில் தேய்ந்தது, அவர் எழுந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது அமுக்கு. ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல், தூரத்தில் மழை போல. சங்குக்கு முன்னாலும் இப்படித்தான் இரண்டு நொடி இரைச்சல் வரும். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போயிருந்தது. குழந்தை வாயைத் திறந்தது. தாண்டவராயன் காதை வலைக்குள்ளேயே நுழைப்பது போல அழுத்தினார்.

அந்த இரைச்சலுக்குள் யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

அந்தக் கனைப்பு அவருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்பு மேல்மலையனூரில் ஒரு கல்யாணத்தில் அவரே பதிவு செய்த கெட்டிமேளம் அது. தவில்காரர் அடிக்கப்போகும் முன் ஒருமுறை கனைத்துக்கொண்டார். அதை வெட்டியெடுக்கச் சொல்லி மகளிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இடது கை திருகை முழுக்கத் திருப்பியது. தவில் வெடித்தது. குழந்தையின் அழுகை, நாற்காலியின் சத்தம், அத்தை வாயைத் திறந்து சொன்னது எல்லாம் அதற்குள் மூழ்கின. மண்டபத்துக் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. அட்சதை பறந்தது. அதில் நாலைந்து தாண்டவராயனின் முதுகிலும் விழுந்தன. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் காது வலிப்பது அவருக்குத் தெரிந்தது. பாக்ஸிலிருந்து அவர் தலையை எடுக்கவே இல்லை.

சாப்பாட்டுப் பந்தி தொடங்கியபோது தைலம்மாள் அவரைக் கூப்பிட்டனுப்பினார். சுந்தரமூர்த்தியும் கூடவே வந்து நின்றார்.

“ஏம்பா, தாலி கட்டற நேரத்துல மேளத்த ஏன் நிறுத்தின?”

சுந்தரமூர்த்தியின் துண்டு மறுபடி சுருள ஆரம்பித்தது.

“நிறுத்தலம்மா. கெட்டிமேளம் பெருசா கேக்கணும்னா அதுக்கு முன்னாடி கொஞ்சம் அமைதி வுடணும். அப்பதான் எடுக்கும்.”

தைலம்மாள் தாண்டவராயனை ஏற இறங்கப் பார்த்தார். வலது கன்னத்தில் பாக்ஸின் வலை கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

“எடுத்துச்சி. எனக்கு நெஞ்சே தூக்கிப் போட்டுடுச்சி. இந்தக் காதுகுத்துப் பாட்டு?”

“அது வாழ்த்தும்மா. சீக்கிரமே வரணும்னு.”

“நல்லா பேசற. போ, போயி துன்னு. எங்க சின்னவனுக்குத் தையில வெச்சிருக்குது, நீயே வா.”

தாண்டவராயன் சாப்பிடப் போகவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர் டிரம்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பத்து மணி ஆனதும் போன் அடித்தது.

“இன்னா நைனா, நாலு தடவ கூப்ட்டுருக்கற?”

“கார்டுல இன்னாத்த ஏத்தின நீ? காதுகுத்துப் பாட்டு வருது.”

“ஐயோ. ஃபோல்டரோட போட்டுட்டேனா? தூக்கத்துல கவனிக்கல நைனா. பேரு வரிசைல பூட்டிருக்கும். எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க. சாவுப் பாட்டு ஒண்ணு வந்திருந்தா இன்னாடி ஆயிருக்கும்? ஒரு பொண்ணு வாழ்க்க.”

மறுமுனையில் மிஷின் சத்தமும் பெண்கள் பேசுகிற சத்தமும் கேட்டன.

“அதுல சாவுப் பாட்டு இல்ல நைனா.”

“ஃபோல்டர் பூரா ஏத்திட்டேன்ற?”

“ஃபோல்டர்லயே இல்ல. எடுத்துட்டேன். வந்து சொல்றேன், பெல் அடிச்சிட்டான்.”

வந்து அவள் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுதான், அதுவும் நாலு நாள் கழித்து, அவர் இரண்டு தரம் கேட்ட பிறகு, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். பங்குனியில் அவலூர்பேட்டையிலிருந்து ஷோபனாவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் அம்மாக்கண்ணுவுக்குத்தான் போன் செய்தார்கள். சாவு வீட்டுக்கு செட்டு கட்டுகிற இடத்தில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது என்றார்கள். அன்று சாயங்காலம் ஷோபனா லேப்டாப்பைத் திறந்து, அந்த இருபத்து மூன்று பாட்டையும் ஒவ்வொன்றாக அழித்தாள். தாண்டவராயனிடம் தாயும் மகளும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியிருந்தார்கள்.